டவுனுக்குள்ள ஓடுற ஆம்புலன்ஸுக்கு எந்த லொகேஷன் பாக்ஸ்? சாதா ஜிபிஎஸ், டவர் சிக்னல், ரெண்டும் சேர்ந்தது

தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் வடசென்னைல பிரைவேட் ஆம்புலன்ஸ் ஓட்டுறார், சொந்தமா சில வண்டி வச்சிருக்கார். எல்லாத்துக்கும் புது டிராக்கர் மாத்தணும், கடைக்காரங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தர் சாதா ஜிபிஎஸ் போதும்ங்கறார், இன்னொருத்தர் ஜிபிஎஸ் பிளஸ் டவர் ஹைபிரிட், சந்துபொந்துல கூட தப்பாதுன்னு ரெண்டு மடங்கு விலை சொல்றார், மூணாவது ஆளு 5ஜி வந்துருச்சு இனிமே சாட்டிலைட்டே தேவையில்லங்கறார், இதுல எதை எடுக்கலாம்னு கேட்டார். டிராக்கர் ஃபர்ம்வேர் (பாக்ஸுக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) எழுதறதுதான் என் வேலைங்கறதால அவருக்குச் சொன்னதை இங்க விரிவா எழுதறேன். டவுனுக்குள்ள வண்டி ஓட்டுற யாருக்கும் இதே கேள்விதான் வரும்.

முடிவை முதல்லயே சொல்லிடறேன். சாட்டிலைட் அனுப்புற எல்1, எல்5ங்கற ரெண்டு பேண்டும் (அலைவரிசை) பிடிக்கிற ரிசீவர், கூடவே உள்ளயே மோஷன் சென்சார் இருக்கற பாக்ஸ் எடுங்க. டவர் சிக்னல் கண்டிப்பா வேணும், ஆனா தூரம் அளக்குறதுக்கு இல்ல. சாட்டிலைட் ரிசீவருக்கு வேண்டிய டேட்டாவைக் கொண்டு வந்து குடுக்கவும், அது சொல்ற இடம் நம்புற மாதிரி இருக்கான்னு சரி பார்க்கவும் மட்டும் டவரை வச்சுக்கணும். டவர் சொல்ற இடத்தையும் ஜிபிஎஸ் சொல்ற இடத்தையும் கலந்து ஒரு புள்ளி வைக்கிற பாக்ஸ், இப்போதைக்கு நம்ம ஊர்ல, நல்லா இருக்கற ஜிபிஎஸ்ஸையும் கெடுத்துடும்.

ஏன்னு புரியணும்னா சௌகார்பேட்டை தங்கசாலைத் தெருல ஒரு வண்டி நிக்கும்போது லாக்ல என்ன தெரியும்னு பாருங்க. தெரு வடக்கு தெற்கா ஓடுது, ரெண்டு பக்கமும் கட்டடம், மேல தெரியறது ஒரு பட்டை வானம்தான். ரிசீவர் அனுப்புற ஜிஎஸ்வி வரியில ஒவ்வொரு சாட்டிலைட்டும் எந்தத் திசை, எவ்ளோ உயரம், சிக்னல் எவ்ளோன்னு (நம்பர் பெருசுன்னா பலம் அதிகம்) இருக்கும். வடக்குலயும் தெற்குலயும் இருக்கறது 40, 42ன்னு நல்லா வருது. கிழக்கால 30 டிகிரி உயரத்துல ஒண்ணு இருக்கு, கட்டடத்துக்குப் பின்னாடி இருக்கறதால அது வரவே கூடாது, ஆனா 26ன்னு காட்டுது. அது நேரா வரல, எதிர்ச் சுவத்துல பட்டுத் திரும்பி வருது. அந்தச் சுவர் 10 மீட்டர் தள்ளி இருந்தா 17 மீட்டர் வரைக்கும் கூடுதல் தூரம் காட்டும், ரிசீவருக்கு அது சுத்தி வந்த சிக்னல்னு தெரியாது, நம்பிடும், புள்ளி பக்கத்துத் தெருவுக்குப் போய் உக்காந்துக்கும். ஹெச்டாப் அப்பவும் 0.9ன்னு அழகா காட்டிக்கிட்டு இருக்கும், ஏன்னா ஹெச்டாப்ங்கறது சாட்டிலைட்டுங்க வானத்துல எப்படிப் பரவியிருக்குன்னு மட்டும் பார்க்குற கணக்கு, சிக்னல் சுவத்துல பட்டு வந்துச்சாங்கறதை அது பார்க்கவே பார்க்காது. ஹெச்டாப் கம்மியா இருக்கு அதனால பொசிஷன் சரின்னு டேஷ்போர்டு போடுற கம்பெனிங்க நிறைய இருக்கு, இதை மட்டும் கேட்டு வச்சுக்கோங்க.

இன்னொரு விஷயம், தெருவோட போக்குலயே வர்ற தப்பு கம்மியாவும், குறுக்க வர்ற தப்பு அதிகமாவும் இருக்கும். பட்டை வானத்துல தெரியற சாட்டிலைட் எல்லாம் தெரு ஓடுற திசையிலயே இருக்கறதுதான் காரணம். ஆம்புலன்ஸுக்கு இதுதான் ரொம்ப மோசமான தப்பு. தெரு முனைல இருந்து 20 மீட்டர் முன்னாடியா பின்னாடியாங்கறது டிரைவருக்குக் கண்ணுல தெரிஞ்சுடும், ஆனா பக்கத்துத் தெருன்னு கன்ட்ரோல் ரூம்ல காட்டுனா கிட்ட இருக்கற வண்டியை விட்டுட்டு வேற வண்டியை அனுப்புவாங்க, ஒன்வேயில சுத்தி வர எவ்ளோ நேரம் ஆகும்னு அந்த ஏரியா ஆளுங்களுக்குத் தெரியும்.

சரி, சாதா எல்1 மட்டும் பிடிக்கிற பாக்ஸ். விலை கம்மி, திறந்த வெளியில நல்லா வேலை செய்யும், ஈசிஆர்ல ஓடுற டூரிஸ்ட் வண்டிக்கு இது தாராளமா போதும். டேட்டாஷீட்ல 2.5 மீட்டர் சிஇபின்னு போட்டிருப்பாங்க, அதுக்கு அர்த்தம் வானம் தெளிவாத் தெரியற இடத்துல பாதி புள்ளி அந்த வட்டத்துக்குள்ள விழும்ங்கறது, மீதிப் பாதி எவ்ளோ தள்ளி விழும்னு அந்த நம்பர் சொல்லாது. எல்1ல இருக்கற பழைய ஜிபிஎஸ் கோட் நொடிக்கு 10.23 லட்சம் சிப் (கோட்ல ஒரு துண்டுக்குப் பேர் சிப்) வேகம், அதாவது ஒரு சிப்போட நீளம் கிட்டத்தட்ட 293 மீட்டர். எல்5ல பத்து மடங்கு வேகம், ஒரு சிப் 29.3 மீட்டர்தான். சிப் சின்னதாக ஆக நேரா வந்த சிக்னலையும் சுவத்துல பட்டு வந்ததையும் ரிசீவரால பிரிச்சுப் பார்க்க முடியும். டவுனுக்குள்ள எல்5 ஏன் உதவுதுங்கறதுக்கு இதுதான் முக்கியக் காரணம்.

அப்போ டவர் என்ன பண்ணும்? இங்கதான் ரொம்பப் பேருக்குக் குழப்பம். ஜிபிஎஸ் சாட்டிலைட் 20,200 கிலோமீட்டர் மேல இருக்கு, தரைக்கு வரும்போது சிக்னல் சுமார் மைனஸ் 130 டிபிஎம் (சிக்னல் பலத்தோட அளவு, பத்து கூடினா பத்து மடங்கு பலம்), பக்கத்துத் தெரு டவர் மைனஸ் 90ல வரும், கணக்குப் போட்டா பத்தாயிரம் மடங்கு பலம். கட்டடத்துக்குள்ள கூட வரும், பேஸ்மென்ட்ல கூட சில சமயம் வரும். அதோட டவர் எல்லாம் பக்கவாட்டுல நிக்குது, தங்கசாலைத் தெருல நமக்கு இல்லாத கிழக்கு மேற்கு திசை அளவை அதுதான் குடுக்க முடியும். பேப்பர்ல பார்த்தா சாட்டிலைட்டும் டவரும் ஒண்ணுக்கொண்ணு அப்படிப் பொருந்துது, ஹைபிரிட்னு விக்கிறவங்க சொல்றது இந்த வரைக்கும் நூத்துக்கு நூறு நிஜம்.

ஆனா சிக்னல் பலமா வந்தா மட்டும் தூரம் தெரிஞ்சுடாது, நேரம் துல்லியமா தெரியணும். ஒரு நானோ செகண்ட் தப்புன்னா 30 சென்டிமீட்டர், ஒரு மைக்ரோ செகண்ட் தப்புன்னா 300 மீட்டர். டிடிடி முறையில (ஒரே அலைவரிசையில அனுப்புறதும் வாங்குறதும் மாறி மாறி நடக்கறது) ஓடுற 4ஜி, 5ஜி நெட்வொர்க்ல டவருங்க ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போக பொது நேரத்துல இருந்து பிளஸ் ஆர் மைனஸ் 1.5 மைக்ரோ செகண்டுக்குள்ள இருந்தா போதும்ங்கறதுதான் கணக்கு. நெட் ஓட அது தாராளம். லொகேஷனுக்கு அதைத் தூரமா மாத்தினா ஒரு டவருக்கு 450 மீட்டர். சாட்டிலைட்ல அணுக் கடிகாரம் வச்சு, தரையில இருந்து அதைத் தொடர்ந்து திருத்திக்கிட்டே இருக்காங்க. டவரை அதுக்காகக் கட்டல, பேசுறதுக்காகக் கட்டினது.

அதனால இப்போ மார்க்கெட்ல டவர் லொகேஷன்னு விக்கிறது பெரும்பாலும் நேரம் அளக்குறதே இல்ல, செல் ஐடி பார்க்குறது. எந்த டவரோட செல்லுல இருக்கோம்னு நம்பரை எடுத்து ஒரு டேட்டாபேஸ்ல தேடி அங்க ஒரு புள்ளி வைப்பாங்க. அந்த டேட்டாபேஸ்ல நிறையது, போன் வச்சிருக்கறவங்க நடந்து போகும்போது அந்த செல் எங்கெங்க கேட்டுச்சுன்னு சேர்த்து அதோட நடுவுல வச்ச புள்ளி, டவர் நிக்கிற இடம் கூட கிடையாது. டைமிங் அட்வான்ஸ்னு ஒண்ணு, அதாவது டவருக்கு சிக்னல் போய் வர்ற நேரத்தைப் படிப்படியா சொல்றது, சேர்த்தா கொஞ்சம் நெருங்கலாம், 2ஜில அது ஒரு படிக்கு சுமார் 550 மீட்டர், 4ஜில சுமார் 78 மீட்டர். டவுனுக்குள்ள செல் ஐடி நல்லா வேலை செஞ்சா சில நூறு மீட்டர், அவ்ளோதான். சௌகார்பேட்டைல 300 மீட்டர்னா நடுவுல எத்தனை தெரு இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. பெரிய மால்ல, ஆஸ்பத்திரில உள்ளுக்குள்ள ஆன்டெனா போட்டு ஃபைபர்ல இழுத்திருப்பாங்க, அங்க சிக்னல் ஃபைபர் வழியா வர்ற நேரமும் சேர்ந்துக்கும், தூரக் கணக்கு இன்னும் தப்பாகும்.

இது வேஸ்ட்னு சொல்லல. வண்டி திருடு போய் மூடின ஷெட்டுக்குள்ள நிக்குது, ஜிபிஎஸ்ஸே இல்லன்னா செல் ஐடி ஏரியாவைக் காட்டும், போலீஸுக்கு அதுவே பெரிய உதவி. என் கவலை வேற. ஜிபிஎஸ் கொஞ்சம் பலவீனமானதும் பாக்ஸ் சத்தமில்லாம செல் ஐடிக்கு மாறி, அதை ஜிபிஎஸ் புள்ளி மாதிரியே சர்வருக்கு அனுப்பிடும், மேப்ல வண்டி 400 மீட்டர் தாவும், கன்ட்ரோல் ரூம்ல உக்காந்திருக்கற பொண்ணுக்கு அது தெரியவே தெரியாது. இது நிஜமாவே நடக்குது, ஒரு டிராக்கர்ல இல்ல, பல டிராக்கர்ல. அதனால ஒவ்வொரு புள்ளியோடவும் இது எங்க இருந்து வந்துச்சு, எத்தனை மீட்டர் தப்பு இருக்கலாம்னு ரெண்டு தகவலும் சேர்ந்து வரணும், இல்லன்னா வாங்காதீங்க. எல்லா ஆப்ஷனையும் விட இதைத்தான் நான் பெருசா நினைக்கிறேன்.

டவரும் சாட்டிலைட்டும் நிஜமாவே நல்லா சேர்ற இடம் ஒண்ணு இருக்கு, விளம்பரத்துல அதைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. ஜிபிஎஸ் சாட்டிலைட் தன்னோட சுற்றுப்பாதை விவரத்தை நொடிக்கு வெறும் 50 பிட் வேகத்துல அனுப்புது, முக்கியமான பகுதி மட்டும் 18 செகண்ட், அதுவும் 30 செகண்டுக்கு ஒரு தடவைதான் திரும்ப வரும். ஆஸ்பத்திரி போர்டிகோல இருந்து கிளம்பி சந்துக்குள்ள போற வண்டிக்கு அந்த 18 செகண்டும் அறுபடாம கிடைக்கறது கஷ்டம், ஒவ்வொரு தடவையும் நடுவுல சிக்னல் போயிடும், திரும்ப முதல்ல இருந்து. மொபைல் நெட் வழியா அதே விவரத்தை ஒரே நொடியில இறக்கிட்டா ரிசீவர் சில செகண்ட்ல பொசிஷன் குடுக்கும், பலவீனமான சிக்னலையும் பிடிக்கும், ஏன்னா அது டேட்டாவைப் படிக்கத் தேவையில்ல, நேரத்தை மட்டும் அளந்தா போதும். ஏ-ஜிபிஎஸ்ங்கறது இதுதான். அமெரிக்கால எமர்ஜென்சி நம்பர் 911க்கு வர்ற அழைப்போட இடம் தெரியணும்னு அரசு கட்டாயப்படுத்தினதால வேகமா வளர்ந்த டெக்னாலஜி, இன்னைக்கு கிட்டத்தட்ட எல்லா ஸ்மார்ட்போன்லயும் இருக்கு. டிராக்கர்ல மாட்யூல் சப்போர்ட் பண்ணும், ஆனா ஃபர்ம்வேர்ல ஆன் பண்ணாமலே விட்டுடுவாங்க. கேளுங்க, இதுக்கு ஆகுற டேட்டா ஒண்ணுமே இல்ல.

எல்5க்கு வருவோம். 2018ல ஷாவ்மி மி 8 தான் ரெண்டு பேண்ட் பிடிக்கிற முதல் போனா வந்துச்சு, இப்போ டிராக்கர் மாட்யூல்லயும் சாதாரணமா கிடைக்குது. ஜிபிஎஸ்ல புதுசா ஏவின சாட்டிலைட்டுங்க, ஐரோப்பாவோட கலிலியோ, சீனாவோட பெய்டூ 3, நம்ம இந்தியாவோட நாவிக் எல்லாம் இந்த எல்5 அலைவரிசைல சிக்னல் குடுக்குது. நம்ம ஊருக்கு இன்னொரு காரணமும் இருக்கு. பூமியோட காந்த நடுக்கோடு தமிழ்நாட்டோட தென்கோடி வழியா போறதால நமக்கு மேல இருக்கற அயனோஸ்பியர் (சிக்னலைத் தாமதமாக்குற மேல் வளிமண்டல அடுக்கு) ரொம்ப ஆடும், முக்கியமா சூரியன் மறைஞ்ச பிறகு, அதுலயும் மார்ச், செப்டம்பர் பக்கம். ஒரே பேண்ட்னா அந்தத் தாமதத்தை ஒரு மாடலை வச்சு யூகிக்கணும், ரெண்டு பேண்ட்னா நேரடியா அளந்து பெரும்பகுதியைக் கழிச்சுடலாம். ஐரோப்பால எழுதுற ரிவ்யூல இதைப் பெருசா சொல்ல மாட்டாங்க, நமக்கு இது சும்மா விட முடியாத விஷயம்.

நாவிக் பத்தி நேராவே சொல்றேன். அது வளரணும்னு எனக்கு ரொம்ப ஆசை, ஆனா நாவிக் இருக்குங்கற ஒரே காரணத்துக்காக ஒரு பாக்ஸ் எடுக்காதீங்க. பழைய சாட்டிலைட்டுங்க எல்5லயும் எஸ் பேண்ட்லயும் மட்டும்தான் அனுப்புது, 2023 மே 29ல போன என்விஎஸ்-01ல இருந்துதான் எல்1 வந்துச்சு. சில சாட்டிலைட்டுங்கள்ல அணுக் கடிகாரம் கெட்டுப் போச்சு, 2025 ஜனவரி 29ல ஏவின என்விஎஸ்-02 போக வேண்டிய சுற்றுப்பாதைக்குப் போகல. அதனால எல்1 மட்டும் பிடிக்கிற பாக்ஸ்ல நாவிக் சப்போர்ட்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா அதால கிடைக்கறது ரொம்பக் கம்மி. எல்5 பாக்ஸ்ல மத்ததோட சேர்ந்து வர்றது நல்லதுதான்.

அடுத்தது மோஷன் சென்சார். கத்திப்பாரா மேம்பாலத்துல மேல போறோமா கீழ போறோமா, எழும்பூர் கெங்கு ரெட்டி சுரங்கப்பாதைக்குள்ள இருக்கோமா வெளிய வந்தாச்சா, ஆஸ்பத்திரி பேஸ்மென்ட்ல எந்தப் பக்கம் திரும்பினோம், இதுக்கெல்லாம் சாட்டிலைட்டும் பதில் சொல்லாது டவரும் பதில் சொல்லாது. ஆக்சிலரோமீட்டர் (வேகம் மாறுறதை அளக்கும்), ஜைரோ (திரும்புறதை அளக்கும்), முடிஞ்சா வண்டியோட வீல் ஸ்பீட், இதை வச்சு கடைசியா நம்பிக்கையா இருந்த இடத்துல இருந்து கணக்குப் போட்டுக்கிட்டே போறதுதான் டெட் ரெக்கனிங். நேரம் ஆக ஆக தப்பு கூடும், அதனால சில நிமிஷத்துக்குத்தான் நம்பலாம், டவுனுக்குள்ள நமக்கு வேண்டியதும் அவ்ளோதான். அதோட பெரிய லாபம் சுரங்கப்பாதைல இல்ல, தங்கசாலைத் தெருலதான். சுவத்துல பட்ட சிக்னல் புள்ளியை திடீர்னு 30 மீட்டர் பக்கவாட்டுல தள்ளும்போது, வண்டி திரும்பவே இல்லையேன்னு ஜைரோவுக்குத் தெரியும், அந்த அளவை ஒதுக்கிடும். ஆனா பாக்ஸை டேஷ்போர்டுக்குள்ள டபுள் டேப்ல ஒட்டி விட்டா பிரயோஜனம் இல்ல, ஸ்க்ரூ போட்டு ஆடாம மாட்டணும், மாட்டின பிறகு கொஞ்ச தூரம் நல்ல வானத்துல ஓட்டி கேலிபரேட் ஆக விடணும், இதை மெக்கானிக்குகிட்ட நின்னு செய்ய வைங்க.

ஆர்டிகே (இடம் தெரிஞ்ச ஸ்டேஷன்ல இருந்து வர்ற திருத்தத்தை வச்சு அளக்குற முறை) விக்கிறவங்களும் வருவாங்க, சென்டிமீட்டர் துல்லியம்னு. சர்வே ஆஃப் இந்தியா நாடு முழுக்க ரெஃபரன்ஸ் ஸ்டேஷன் வச்சிருக்கு, மொபைல் நெட்ல திருத்தம் வாங்கி சேர்த்தா நிலம் அளக்கறவங்களுக்கு அது அருமையான விஷயம். ஆனா அந்தத் திருத்தம் சரி பண்றது சாட்டிலைட் கடிகாரம், சுற்றுப்பாதை, அயனோஸ்பியர் தப்பை. உங்க தெருச் சுவத்துல பட்டு வர்ற தப்பு ரெஃபரன்ஸ் ஸ்டேஷனுக்குத் தெரியாது, எப்படித் திருத்தும்? சந்துல அந்த சென்டிமீட்டர் பொசிஷனே கிடைக்காது. ஆம்புலன்ஸுக்கு அந்தக் காசு வேண்டாம்.

இப்போ 5ஜி. இதைத்தான் நான் ரொம்ப ஆவலா எதிர்பார்க்குறேன். மொபைல் நெட்வொர்க்குக்கு விதிமுறை போடுற 3ஜிபிபி அமைப்பு 2020ல முடிச்ச ரிலீஸ் 16ல 5ஜிக்குன்னே லொகேஷன் முறைகளை வச்சாங்க, வெளியில 80 சதவீதம் 10 மீட்டருக்குள்ள, உள்ள 3 மீட்டருக்குள்ளங்கறது குறி. அதுல மல்டி ஆர்டிடின்னு ஒரு முறை, போனும் டவரும் போய் வர்ற நேரத்தை ரெண்டு பக்கமும் அளந்துக்கும், அதனால மேல சொன்ன டவருக்கு டவர் நேரம் ஒத்துப் போகாத பிரச்சினையே வராது. 3.3 கிகாஹெர்ட்ஸ் பக்கம் 100 மெகாஹெர்ட்ஸ் அகலம் இருக்கறதால ரெண்டு பாதையில வர்ற சிக்னலை 3 மீட்டர் வித்தியாசத்துலயே பிரிக்கலாம், 20 மெகாஹெர்ட்ஸ் 4ஜில அது 15 மீட்டர். 2022ல நெதர்லாந்துல டெல்ஃப்ட் பல்கலைக்கழக ஆளுங்க, ஆம்ஸ்டர்டாம் விரியே பல்கலைக்கழகம், விஎஸ்எல் அளவை நிறுவனம் கூட சேர்ந்து, ரேடியோ டிரான்ஸ்மிட்டர்களை ஃபைபர்ல இணைச்சு நானோ செகண்டுக்கும் கீழ நேரத்தை ஒத்துப் போக வச்சு, சாட்டிலைட் இல்லாமலே 10 சென்டிமீட்டர் துல்லியம் காட்டினாங்க. அப்போ விஷயம் முடியும், இயற்பியல் தடுக்கல.

ஆனா வாங்க முடியுமா? அதுக்கு நெட்வொர்க்காரங்க அளக்குறதுக்கான சிக்னலை ஆன் பண்ணணும், ஒவ்வொரு ஆன்டெனாவும் எங்க, எவ்ளோ உயரத்துல இருக்குன்னு மீட்டர் கணக்குல சரியா வச்சிருக்கணும், அளவை வெளிய குடுக்கணும். சின்ன வண்டிக்காரர் கடைக்குப் போய் வாங்குற மாதிரி அது இன்னும் வரல. 5ஜி சிம் போட்ட டிராக்கர்ங்கறதும் 5ஜியை வச்சு இடம் கண்டுபிடிக்கறதும் வேற வேற, பாக்ஸ் மேல 5ஜின்னு எழுதியிருந்தா டேட்டா அந்த வழியா போகுதுன்னுதான் அர்த்தம். சாட்டிலைட்டே தேவையில்லன்னு சொன்ன மூணாவது ஆளுக்கு இன்னொண்ணும் சொல்லணும், பெரும்பாலான டவரே தன் நேரத்தை ஜிபிஎஸ்ல இருந்துதான் எடுத்துக்குது.

உண்மையான ஹைபிரிட்டை விக்கிறேன்னு யாராவது வந்தா ஒரு கேள்வி கேளுங்க: முடிஞ்ச ரெண்டு பொசிஷனை சேர்க்குறீங்களா, இல்ல ஒவ்வொரு சாட்டிலைட், ஒவ்வொரு டவரோட அளவையும் தனித்தனியா உள்ள எடுத்து ஒரே கணக்குல போடுறீங்களா? ரெண்டாவதுதான் வேணும். மூணே சாட்டிலைட் நேரா தெரியுதுன்னா முதல் முறையில ஜிபிஎஸ் பொசிஷனே வராது (அதுக்குக் குறைஞ்சது நாலு வேணும்), அந்த மூணு நல்ல அளவும் வீணாப் போகும், ரெண்டாவது முறையில அது மூணும் உள்ள வந்து சென்சாரோட சேர்ந்து உதவும்.

போனையும் மறந்துடாதீங்க. டிரைவர் கையில இருக்கற நல்ல ஆண்ட்ராய்டு போன் சாட்டிலைட், வைஃபை, டவர், சென்சார் எல்லாத்தையும் சேர்த்துத்தான் இடம் சொல்லுது, கூகுள் 2020 கடைசியில இருந்து பல நகரங்களுக்கு 3டி கட்டட மாடலை வச்சு எந்த சிக்னல் மறைஞ்சிருக்கும்னு கணக்குப் போடுற திருத்தத்தையும் கொண்டு வந்துச்சு. டவுனுக்குள்ள மட்டமான பாக்ஸை விட போன் நல்லா இருக்கும்னு தயங்காம சொல்வேன். அதையே முழுசா நம்ப முடியாததுக்குக் காரணம் வேற: மே மாச வெயில்ல டேஷ்போர்டுல சூடாகி அணைஞ்சுடும், பேட்டரி சேவர் ஆப்பைக் கொன்னுடும், டிரைவர் மாறினா போனும் மாறும். பாக்ஸ் முதல், போன் ரெண்டாவதுன்னு வச்சுக்கோங்க.

நோயாளி எங்க இருக்காருங்கறது இதோட மறு பாதி. பிரிட்டன்ல 2014ல ஏஎம்எல்னு ஆரம்பிச்சாங்க, எமர்ஜென்சி நம்பருக்கு கால் போட்டதும் போனே தன் இடத்தைத் தானா அனுப்பிடும், 2022 மார்ச்ல இருந்து ஐரோப்பிய யூனியன்ல விக்கிற ஸ்மார்ட்போன்ல அது கட்டாயம். ஆனா அது அரசு எமர்ஜென்சி நம்பருக்குத்தான், உங்க பிரைவேட் பத்து இலக்க நம்பருக்கு வராது. அதனால கால் எடுக்கறவங்க உடனே வாட்ஸ்அப்ல லொகேஷன் கேக்கணும், அனுப்பும்போது அவங்க போன்ல எத்தனை மீட்டர் துல்லியம்னும் காட்டும், அதைக் கேட்டு அந்த நம்பர் பெருசா இருந்தா ஜன்னல் பக்கமோ வாசலுக்கோ வந்து திரும்ப அனுப்பச் சொல்லணும், கூடவே பக்கத்துல எந்தக் கோயில், எந்தக் கடைன்னு வாயால கேட்டு எழுதிக்கணும்.

அண்ணன்கிட்ட கடைசியா சொன்னது இதுதான். மொத்தமா வாங்காதீங்க, ரெண்டு மாடலை ஒரே வண்டியில ஒரே நேரத்துல மாட்டி தங்கசாலைத் தெரு, ரங்கநாதன் தெரு பக்கம், கத்திப்பாரா மேல ஒரு தடவை கீழ ஒரு தடவை, வழக்கமா போற ஆஸ்பத்திரி பேஸ்மென்ட் எல்லாம் ஓட்டுங்க, சாயங்காலம் ஏழு மணிக்கு மேலயும் ஒரு தடவை ஓட்டுங்க. மேப்ல வரைஞ்ச அழகான கோடு வேண்டாம், ஏன்னா சாஃப்ட்வேர் அதை ரோட்டு மேல இழுத்து ஒட்டியிருக்கும், பாக்ஸ் அனுப்பின அப்படியே இருக்கற லாக்கைக் கேளுங்க. குடுக்க முடியாதுன்னு சொல்ற சப்ளையரை அந்த இடத்துலயே விட்டுடுங்க. லாக்ல வண்டி எங்க தப்பா இருக்கோ அங்க பாக்ஸ் சொல்ற தப்பு அளவும் பெருசா இருக்கான்னு பாருங்க. 40 மீட்டர் தள்ளி நின்னுக்கிட்டு 50 மீட்டர் வரைக்கும் தப்பா இருக்கலாம்னு சொல்ற பாக்ஸை எடுக்கலாம், அதே இடத்துல 3 மீட்டர்னு சொல்றதை எடுக்காதீங்க.